‘வீட்டில் ஓய்வு’ – எந்த வீட்டில்?

பதினோராந் தர வகுப்பின் வரவுப் பதிவேட்டில் ஒரு மாணவியின் பெயருக்கு நேரே ஐந்து வாரங்களாகச் சிவப்பு மையில் பூச்சியங்களே விழுந்துகொண்டிருந்தன. கணிதத்திற் கெட்டிக்காரி, தமிழிற் கட்டுரை எழுதச் சொன்னால் நமது சிவப்புப் பேனாவுக்கு வேலை வைக்காதவள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் ஆண்டில் இப்படி ஒரு பிள்ளை நின்றுவிட்டால் ஆசிரியர் அறையில் வழக்கமான ஊகங்கள் எழும்: கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள், கல்யாணம் பேசிவிட்டார்கள், படிப்பில் அக்கறையில்லாத சனங்கள். நாமும் அவற்றுள் ஒன்றை மனத்துக்குள் தெரிந்தெடுத்து வைத்திருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மையைச் சொன்னவள் பக்கத்து மேசைச் சிறுமி: “அவளோட அம்மாயிக்கு முழங்கால் ஒப்பரேசன், சேர். பார்த்துக்க வீட்டில ஆளில்ல.”

ஒரு சனிக்கிழமை, பசறை வீதியில் பஸ்ஸை விட்டிறங்கித் தேயிலை மலைக்குள் இரண்டு மைல் ஏறினோம். வாகனம் போகும் பாதை முடிகிற இடத்திலிருந்து லயத்துக்குக் கல்லும் மண்ணுமாகப் படிகள். எண்ணிக்கொண்டே ஏறினோம், 94. முப்பதுகளில் இருக்கும் நமக்கே எழுபதாவது படியில் மூச்சு வாங்கிற்று. புதிய மூட்டுப் பொருத்தப்பெற்று ஆறாம் நாள் வீடு திரும்பிய அந்த முதியவளை ஒரு நாற்காலியில் இருத்தி, நான்கு இளைஞர் தோளிற் சுமந்து இப்படிகளின் வழியே கொண்டுவந்தனராம். நாற்காலி கோயிலுக்குச் சொந்தமானது. முன்னாளிற் கம்பளியைக் கழியிற் கட்டி நோயாளியைத் தூக்குவார்கள். இருபத்தோராம் நூற்றாண்டு கம்பளியின் இடத்திற் பிளாஸ்திக் நாற்காலியை வைத்திருக்கிறது. முன்னேற்றம் இல்லையென்று யார் சொல்வது?

காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஓர் இஸ்தோப்பு, பின்னே புகையேறிய அடுப்படி. கட்டில் அயல் வீட்டாரின் இரவல். அதனைப் போட்டபின் மற்றவர்கள் பாய் விரிக்கும் இடம் பாதியாகிவிட்டது. கிழவி நம்மைக் கண்டதும் எழ முயன்று, முடியாமல், “வாத்தியாரய்யா, மன்னிச்சுக்கங்க, எந்திரிக்க முடியல” என்றாள். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த ஒருத்தி, தன் பேர்த்தியின் ஆசிரியர் முன்னே படுத்திருக்க நேர்ந்தமைக்காக மன்னிப்புக் கேட்டாள்.

வைத்தியசாலையிற் கொடுத்த தாளைப் பார்க்கலாமா என்றோம். சாமிப் படத்தின் பின்னேயிருந்து அதனை எடுத்து வந்தாள் மாணவி. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள். ஓரத்திற் சிங்களத்தில் எவரோ எழுதிய இரண்டு வரி. ஐந்து வாரமும் அது பத்திரமாக இருந்தது, படிக்கப்படாமல் இருந்தது. நாம் அதனைத் தமிழிற் சொல்லிக் கேட்ட பின்னரே, காலை நேராக நீட்டித் தொடைத் தசையை இறுக்கும் பயிற்சியை நாளொன்றுக்குப் பல தடவை செய்ய வேண்டும் என்பதை அவ்வீட்டார் அறிந்தனர். அறுவை செய்த முழங்காலின் கீழே தலையணை வைத்துப் படுக்கலாகாது என்பதையும் அப்பொழுதே அறிந்தனர். வைத்தாற் கால் மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். அவர்களோ நோவு தாங்காத கிழவிமீது கொண்ட அன்பினால் ஐந்து வாரமாக அங்கேதான் தலையணை வைத்திருந்தனர். கெண்டைக்காலில் திடீரென வீக்கமும் நோவும் கண்டால், அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்ற எச்சரிக்கையும் அத்தாளில் இருந்தது. எந்த மொழியில் என்பதை மீண்டும் சொல்லத் தேவையில்லை. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. 1999இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அந்த வர்த்தமானியைக் கொண்டுபோய் இந்தத் தாளின் அருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் நமக்குப் பழைய நூல்களை உரையோடு படிக்கக் கற்பித்தார்கள். அப்பழக்கத்தில் இத்தாளையும் ஒரு பிரதியாக எண்ணிப் படித்தோம். எழுதியவர் தீயவரல்லர், சொல்லியவை யாவும் வைத்தியத்துக்கு ஒத்தவை. ஆயினும் அவர் மனக்கண்ணில் ஒரு வீடு இருக்கிறது. அவ்வீட்டிற் கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி உண்டு. தரை சமமானது, மணிக்கொரு தடவை அதில் நடக்கலாம். பனிக்கட்டி உண்டு, இருபது நிமிடம் முழங்கால்மேல் வைக்கலாம். கழிப்பறை படுக்கையறைக்கு அருகே உண்டு. அதில் உட்காரும் பீடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு வேலையில்லாத ஒருவர் அவ்வீட்டில் உண்டு. ‘வீட்டில் ஓய்வு’ என்று அத்தாள் கூறும்போது அது எந்த வீடு? கொழும்பு ஏழிலா? பதுளை நகரத்து அரச விடுதியிலா? லயத்தில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

கழிப்பறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நமது இலக்கியப் பத்திரிகைகளில் மலையகத்து நிலவும் பனியும் பாடப்பட்ட அளவுக்குக் கக்கூஸ் பேசப்படவில்லை. இந்த லயத்தின் கழிப்பறைகள் சரிவின் கீழே, பதினெட்டுப் படிகளுக்கு அப்பால் இருக்கின்றன. யாவும் குந்தியிருக்கும் வகை. குந்துவதற்கு முழங்கால் ஏறத்தாழ 130 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். செயற்கை மூட்டு நன்கு பொருந்தி, பயிற்சியும் ஒழுங்காக நடந்தாற்கூடப் பெரும்பாலும் 110 அல்லது 120 பாகை வரையே மடங்கும். முதற் சில வாரங்களில் 90 பாகையை எட்டுவதே ஒரு வெற்றி. ஆக, இக்கிழவி இனி வாழ்நாள் முழுவதும் அக்கழிப்பறையைப் பயன்படுத்த இயலாதவள். சத்திரசிகிச்சை அவளுக்கு நடக்கும் கால் ஒன்றைத் தந்தது. நடந்து போய்ச் சேரும் இடத்தைத் தரவில்லை. என்ன செய்கிறார்கள்? ஒரு வாளி. அந்த வாளியைக் காலையும் மாலையும் சுமந்து செல்பவள், வரவுப் பதிவேட்டில் நாம் பூச்சியம் இட்ட அந்தப் பதினாறு வயதுப் பெண். பீலியிலிருந்து தண்ணீர் தூக்குபவளும் அவளே. தாய் வீட்டிலிருந்தால் அன்றைய பேர் விழாது. ஆகவே மகள் வீட்டிலிருக்கிறாள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக் கல்வித் திணைக்களத்து அதிகாரிகள் தேவையில்லை.

தவறாக எண்ண வேண்டாம். சத்திரசிகிச்சையை நாம் குறைகூறவில்லை. 1968இல் பிராங் கன்ஸ்டன் என்பார் இங்கிலாந்தில் உலோகமும் பிளாஸ்திக்கும் இணைந்த முழங்கால் மூட்டினை வெளிப்படுத்தினார். 1974இல் நியூயோர்க் வைத்தியர்கள் முழு மூட்டினையும் மாற்றும் வடிவத்துக்கு வந்தனர். அன்று சிலருக்கே கிட்டிய அதிசயம் இன்று ஊவா மலைக் கூலிப் பெண்ணின் காலில் இருக்கிறதென்றால், அதற்கு இந்நாட்டின் இலவச வைத்திய சேவைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். வைத்தியர் சிங்களவர், கிழவி அவரைத் தெய்வம் என்கிறாள். அறுவைக்குக் கட்டணமில்லை. ஆனால் மூட்டை வெளியில் வாங்கித் தரச் சொன்னார்கள். சேமலாப நிதியில் மிஞ்சியதும் ஊர்ச் சீட்டும் அதிற் போயின. அயல் நாடான இந்தியாவில் 2017இல் அரசு தலையிட்டு, மிகுதியாகப் பயன்படும் கோபால்ட்–குரோமிய முழங்கால் மூட்டின் விலைக்கு 54,720 ரூபா என்ற உச்சவரம்பு விதித்தது. அதற்கு முன்னர் அது சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு விற்றது. முதலாளித்துவ அரசுக்கும் மனம் வைத்தால் இவ்வளவு முடியும். ஜனாதிபதி நிதியத்தின் உதவிக்குக் கொழும்புக்கு அலையாமல் 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்றானதும் நல்லதே. ஆனால் இவையெல்லாம் வைத்தியசாலை வாயில்வரைதான். வாயிலுக்கு வெளியே சமுதாயம் கையைக் கழுவிக்கொள்கிறது.

இனி, இம்முழங்கால் எப்படித் தேய்ந்தது? “வயசுக் கோளாறு” என்கிறார் நண்பர் ஒருவர். வயதும் பரம்பரையும் உடற்பருமனும் காரணங்களே. பெண்களுக்கு இது அதிகம் என்பதும் உண்மையே. ஆனால் பெர்லினில் ஆராய்ச்சியாளர் செய்த ஒரு காரியத்தை நண்பர் கவனிக்க வேண்டும். செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவியைப் பொருத்திய ஐந்து பேரை நடக்கவும் ஏறவும் இறங்கவும் வைத்து, மூட்டின்மேல் விழும் விசையை அளந்து 2010இல் வெளியிட்டனர். சமதரையில் நடக்கையில் உடல் எடையின் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். படியேறுகையில் மூன்று மடங்குக்கு மேல். படியிறங்குகையில் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. ஐம்பது கிலோ எடையுள்ள பெண் ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒற்றை முழங்கால் நூற்றெழுபது கிலோவைத் தாங்குகிறது. முதுகிற் பதினைந்து கிலோ கொழுந்து சேர்ந்தால்? அது வழுக்கும் சரிவாயிருந்தால்? அப்படி நாற்பது ஆண்டு என்றால்? ஆடி ஆவணி மாதங்களின் வறண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்கு ஏறும் அந்த மணம் உலகச் சந்தையிற் புகழ்பெற்றது. அதே மாதங்களில் அச்சரிவுகளில் ஏறியிறங்கும் எலும்பு தேயும் ஒலியை எந்தச் சந்தையும் கேட்டதில்லை. 1890இல் இம்மலைகளுக்கு வந்து தோட்டம் வாங்கிய தோமஸ் லிப்டன் அமர்ந்து இயற்கையை ரசித்ததாகச் சொல்லப்படும் இடம் அப்புத்தளைக்கு மேலே ‘லிப்டன் ஆசனம்’ என்ற பெயரோடு உல்லாசப் பயணிகளுக்குக் காட்டப்படுகிறது. துரைக்கு ஆசனம் உண்டு. நம் கிழவிக்கு நாற்காலி கோயிலிலிருந்து இரவல் வர வேண்டும்.

தேய்மானத்தைத் தொழிலின் விளைவாக ஏற்றுக்கொண்ட நாடுகள் இல்லாமலில்லை. ஜேர்மனி 2009இல் முழங்கால் மூட்டுத் தேய்வைத் தொழில்சார் நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. வாழ்நாளிற் குறைந்தது 13,000 மணி நேரம் மண்டியிட்டோ அதற்கொத்த நிலையிலோ வேலை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதே ஆண்டிற் பிரித்தானியா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் தேய்வை நட்டஈட்டுக்குரியதாக்கியது. நம் பெண்கள் மண்டியிடுவதில்லை. ஆகவே அச்சட்டத்தை அப்படியே பெயர்த்து இங்கே நடுவதற்கில்லை. ஆனால் அதன் அடிப்படை எளியது: எந்த வேலை மூட்டைத் தின்றதோ அந்த வேலையை எடுத்தவர்கள் அதற்கு விலை தர வேண்டும். நமது தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டுக்குரியது. மரம் விழுந்து கால் முறிந்தால் அது பேசும். மலை முழுவதும் நாற்பது ஆண்டுகளாக, தினமும் சிறிது சிறிதாக, ஒரு காலின்மேல் விழுந்தால் அது விபத்தன்று!

தோட்டத்து வைத்தியத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. 1872இலும் பின்னர் 1912இலும் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் குறித்துச் சட்டங்கள் இயற்றினர். கருணையினாலா? கோப்பிக் காட்டிற் கூலிகள் செத்து விழுந்தாற் பயிர் நட ஆளில்லை என்பதனால். மறுநாட் பெரட்டுக்கு எழுந்து வரக்கூடிய உடம்பு வேண்டும், அவ்வளவுக்கே மருந்து. பெரட்டுக்கு இனி வராத உடம்பு எவருடைய கணக்கிலும் இல்லை. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இற் கம்பனிகளின் நிர்வாகத்துக்குத் திரும்பின. தொண்ணூறுகளில் தோட்ட வைத்தியசாலைகளை அரச சேவையுடன் இணைப்பதாகத் தீர்மானித்தார்கள். அது இன்னும் முற்றுப்பெறவில்லை. இம்மாற்றங்கள் அனைத்திலும் மாறாதது ஒன்று: உழைக்கும் வலுவைப் புதுப்பிக்கும் செலவு, தண்ணீர் தூக்கியும் வாளி சுமந்தும், சம்பளமில்லாத ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. தாயின் தாய் உழைத்துத் தேய்ந்தாள். தாய் உழைத்துத் தேய்ந்துகொண்டிருக்கிறாள். அத்தேய்மானத்துக்கான கட்டணத்தை இப்பொழுது பேர்த்தி சாதாரண தரப் பரீட்சையாகச் செலுத்துகிறாள்.

தொழிற்சங்கத் தோழர் ஒருவரிடம் இதனைச் சொன்னோம். “முதலிற் சம்பளம், மாஸ்டர், மற்றதெல்லாம் பிறகு” என்றார். அவர் நல்லவர், பலமுறை வேலை நிறுத்தத்தில் நின்றவர். ஆயினும் அவரோடு நாம் உடன்பட முடியாது. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபா. 2024 செப்டெம்பரில் 1350. 2025 நவம்பரின் வரவு செலவுத் திட்டம் அதை 1550 ஆக்கி, வருகைக் கொடுப்பனவாக 200 ரூபாவும் அறிவித்தது. ஒவ்வொரு ரூபாவும் போராட்டத்தால் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் வருகைக்கு ஒரு கொடுப்பனவு என்றால், வராத நாளுக்கு இரட்டை இழப்பு என்பதுதானே பொருள்? தன் தாயின் காலைப் பிடித்து நடத்திச் செல்ல ஒரு நாள் நின்றவள் 1750 ரூபாவை இழக்கிறாள். ஆகவே தன் வருகையைக் காப்பாற்ற மகளின் வருகையைப் பலியிடுகிறாள். சம்பளப் பிரச்சினைக்கு வெளியே இருப்பதாகத் தோழர் நினைக்கும் முழங்கால், சம்பளப் பிரச்சினையின் நடுவிலேயே இருக்கிறது. 1940இல் இதே பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து, அதனைக் கலந்தே நிர்வாகம் செய்யத் துரையை இணங்க வைத்தனர். தோட்டத்தில் வாழ்வதன் முழுமையையும் தம் கோரிக்கையாக்க அன்றே அவர்கள் துணிந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒரு கழிப்பறைப் பீடத்தைக் கோரிக்கைப் பட்டியலிற் சேர்க்கக் கூச்சப்படுவது ஏன்?

செய்ய முடியாத காரியமா இது? 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவை நிறுவிய நாடு இது. கர்ப்பிணியின் வீட்டுக்குக் குடும்ப நல மாதுவை நடந்துபோகச் செய்து, தாய் சேய் மரணங்களைக் குறைத்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்த நாடு. தோட்டங்களுக்கு அச்சேவை தாமதித்தே வந்தது என்பது வேறு கதை. பிள்ளை பிறக்கும் வீட்டைத் தேடி அரசு நடக்க முடியுமானால், பிள்ளை வளர்த்து ஓய்ந்த முழங்காலைத் தேடி ஓர் இயன்மருத்துவரை வாரம் ஒருமுறை ஏன் அனுப்ப முடியாது? தோட்டத்து மருந்துக் காம்பராவில் ஓர் ஊன்றுகோற் சட்டகமும் இரண்டு கழிப்பறை நாற்காலிகளும் இரவல் கொடுக்க வைத்திருக்க எவ்வளவு பணம் வேண்டும்? அறுவைக்கு நாள் குறிக்கும்போதே, “உங்கள் வீட்டுக்கு எத்தனை படி? கக்கூஸ் எப்படிப்பட்டது? பார்த்துக்கொள்பவர் யார்?” என்று தமிழிற் கேட்டு எழுதிக்கொள்ள எந்தச் சட்டத் திருத்தம் வேண்டும்? பராமரிப்பவருக்கு ஆறு வாரச் சம்பளம் என்பது பெரிய கோரிக்கை. அதற்குப் போராட வேண்டும். 2025 ஒக்டோபரிற் பண்டாரவளையில் ஈராயிரம் குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரம் வழங்கினார்கள். அவ்வீடுகள் எழும்போது ஒவ்வொன்றிலும் உட்காரும் பீடமும் ஒரு கைப்பிடியும் இருக்குமா என்று கேட்பது சிறு கோரிக்கை. இரண்டையும் கேட்போம். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி இவ்வகை மூட்டுகளில் நூற்றுக்கு 82, இருபத்தைந்து ஆண்டு நிலைக்கின்றன. அந்த மூட்டை நிறுத்த ஒரு தரை வேண்டாமா?

நம் வகுப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தாளை நாம் தமிழாக்கினோம். உயர்தர மாணவர் சிலர் பெரிய எழுத்திற் படங்களோடு எழுதினர். மரவேலை ஆசிரியர் பழைய கதிரை ஒன்றின் நடுவே வட்டமாக அறுத்து, கால்களுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தித் தந்தார். இதைச் சாதனை என்று சொல்ல எழுதவில்லை. நாற்பது நிமிட வேலை அது, ஐந்து வாரம் எவருக்கும் தோன்றவில்லை. கிழவி இப்பொழுது இஸ்தோப்பில் சட்டகத்தைப் பிடித்துப் பன்னிரண்டு அடி நடக்கிறாள். முழங்கால் முழுதாக நிமிரவில்லை. தலையணை செய்த தீங்கு எவ்வளவு என்பதை மறுபரிசோதனையில் வைத்தியர் சொல்ல வேண்டும். அதற்கு அவளை மீண்டும் 94 படிகளும் இறக்க வேண்டும். கோயில் நாற்காலியைக் கேட்டிருக்கிறார்கள்.

மாணவி சென்ற வாரம் மூன்று நாள் வந்தாள். வியாழக்கிழமை பீலியில் தண்ணீர் வரவில்லையாம். வெள்ளிக்கிழமையும் அவள் பெயருக்கு நேரே நாம் பூச்சியம் இட்டோம்.